மண்டபத்தின் தற்காலிக ஆட்கள்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் இருந்த ஒரு கட்டடத்துக்கு நான் மேனேஜராகப் போனேன். உண்மையான மேனேஜர் மொபெட்டிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டதுதான் காரணம். அவர் என் அப்பாவுக்குத் தெரிந்தவர். ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். கரும்பும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் போடுவோம். நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, கடலூர் வரைக்கும் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கார்டு வரும் என்று காத்திருந்தேன். அப்பாதான், "சும்மாதானே கீற, அவரு எழுந்திரிக்கற வரைக்கும் போய்ப் பாத்துக்கோயேன்" என்றார். சித்தி வீடு ஊருக்குள்ளேயே இருந்ததால் தங்குவதற்குப் பிரச்சினை இல்லை.

கட்டடம் பெரியது. முன்பக்கம் வரிசையாகக் கடைகள், மாடியில் வாடகை அறைகள், நடுவில் கல்யாண மண்டபம். எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோடு சுவராக ஒட்டிய சின்னச் சின்ன வீடுகள் ஒரு வரிசை. அவற்றை போர்ஷன் என்போம். உரிமையாளர் சேலத்தில் இருந்தார். மாதத்தில் ஒருமுறை காரில் வருவார். மற்ற நேரங்களில் முன்பக்கத்து ஜவுளிக்கடைக்குப் போன் வரும், கடைக்காரர் ஆளனுப்பி என்னைக் கூப்பிடுவார். வாடகை வாங்குவது, மோட்டார் போடுவது, குழாய் ஒழுகினால் ஆள் பிடிப்பது, மண்டபத்தைத் திறந்துவிட்டுத் திரும்பப் பூட்டுவது இவ்வளவும் என் வேலை. முதல் நாளே உரிமையாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இது டெம்பரவரி. தெரியுமில்ல?" அந்தக் காலத்தில் அந்தச் சொல் தெரியாதவர்கள் கிடையாது. வேலைக்குப் போகிற யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி டெம்பரவரியா பர்மனெண்டா என்பதுதான்.

அந்தக் கட்டடத்தில் பர்மனெண்ட் என்று சொல்லத்தக்க ஒருவர் இருந்தார். பெருக்கிக் கழுவுகிற அம்மா. ஊருக்கு வெளியே காலனியிலிருந்து நடந்து வருவார். கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கல் சுமக்க வந்தவர், கட்டி முடித்த பிறகும் அங்கேயே நின்றுவிட்டார். எல்லோரும் மண்டபத்தம்மா என்று கூப்பிட்டார்கள். வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். குரல் வாசலில் ஒலித்தால் பின்போர்ஷன் வரை கேட்கும். என்னைப் பாப்பா என்பார். மேனேஜர் மேசையில் நான் உட்கார்ந்திருப்பது அவருக்கு ஒரு விளையாட்டு மாதிரிதான் பட்டது.

"நீ இன்னா பாப்பா, அவரு இடுப்பு கூடுற வரைக்கும் இருப்ப. நான் சொல்றத கேட்டுகினு போ" என்றார் ஒருநாள். நானும் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் போனேன்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஊர்வலம், கடையடைப்பு, சுவர் முழுக்க எழுத்து என்று நாங்கள் பழகிப்போயிருந்தோம். சாலை மறியல் வாரம் வந்தபோதும், ஒருநாள் இரண்டு நாளில் அடங்கிவிடும் என்றுதான் ஜவுளிக்கடைக்காரர் சொன்னார். அடங்கவில்லை. சேலம் ரோட்டில் நிழல் கொடுத்துக்கொண்டிருந்த புளியமரங்கள் அறுபட்டு ரோட்டின் குறுக்கே விழுந்தன. சின்னசேலத்துக்கும் பஸ் இல்லை, தியாகதுருகத்துக்கும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்ற வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. போன் செத்துப்போனது. பால் வரவில்லை. போராட்டக்காரர்கள் கேட்டது படிப்பிலும் அரசாங்க வேலையிலும் பங்கு. நானும் அரசாங்க வேலைக்குப் பதிந்து வைத்திருந்தவள். அதனால் சித்தி வீட்டில் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சாக இருந்தது. சித்தப்பா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்று சொல்வார், நான் மறுநாள் மண்டபத்தை யார் பெருக்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஏனென்றால் மண்டபத்தம்மா வரவில்லை. அவர்கள் பக்கம் நிலைமை சரியில்லை, ஆண்களும் பெண்களும் வீட்டைவிட்டு நகராமல் காவல் இருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். வாட்ச்மேனும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து மண்டபத்தில் ஒரு கல்யாணம் இருந்தது.

புரட்டாசியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபம் சும்மா கிடக்க வேண்டிய மாதம். ஆனால் மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர், லீவு அப்போதுதான் கிடைத்தது. அதை விட்டால் எப்போது ஊருக்கு வருவார் என்று சொல்ல முடியாது என்று பெண்ணின் அப்பா முன்பணம் கட்டும்போதே விளக்கிவிட்டுப் போயிருந்தார். தியாகதுருகம் பக்கத்து விவசாயி. மரங்கள் விழுவதற்கு முன்பே உஷாராகி, டிராக்டரில் சாமான்களையும் சொந்தக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு வந்து மண்டபத்தில் இறங்கிவிட்டார். நான் தூசு படிந்த கூடத்தைத் திறந்துவிட்டு, ஆள் தேடிக் கிளம்பினேன்.

கடைத்தெருவில் ஒருவரும் கிடைக்கவில்லை. தினக்கூலிக்கு வருகிறவர்கள் எல்லாம் சுற்றுக் கிராமத்து ஆட்கள், யாரும் ஊருக்குள் வர முடியாத நிலை. கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். அங்கேதான் வெளியூர்க்காரர்கள் வீடு திரும்ப முடியாமல் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். குழாயடியில் ஒரு பெண் வேட்டி ஒன்றைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கலாம். புடவையைத் தோளுக்குக் குறுக்கே முடிந்து கட்டியிருந்த விதத்திலேயே கல்வராயன் மலைக்காரி என்று தெரிந்தது.

"வேலைக்கு வர்றியா?" என்றேன்.

"இன்னா வேல?"

"கல்யாண மண்டபம். பெருக்கணும், கழுவணும், பாத்திரம் தேய்க்கணும். கொஞ்ச நாளுக்குத்தான். டெம்பரவரி."

"அப்டின்னா?"

"எங்க ஆளு திரும்பி வர்ற வரைக்கும்."

"எங்க பூட்டா உங்க ஆளு?"

"ரோட அடைச்சிட்டாங்க இல்ல, வர முடியல."

அவள் வேட்டியைப் பிழிந்து உதறினாள். "எனக்குந்தான் அடைச்சிட்டாங்க. மலைக்குப் போவ முடியல. இரு, எங்க ஆளுகிட்ட சொல்லிட்டு வர்றேன்."

அவளுடைய புருஷன் உள்ளே வார்டில் இருந்தான். கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குள் போன இடத்தில் கரடி பிடித்துவிட்டது. தோளிலும் கன்னத்திலும் தையல் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மலையிலிருந்து கட்டிலில் தூக்கிக் கொண்டுவந்த ஆண்கள் மறியலுக்கு முன்பே திரும்பிவிட்டார்கள். குழந்தைகள் மேலே மாமியாரிடம் இருந்தன. புருஷன் பிழைத்துக்கொண்டான் என்ற செய்தியைக்கூட அவளால் மலைக்கு அனுப்ப முடியவில்லை. இதையெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து மண்டபத்துக்கு நடந்து வரும்போதே சொல்லிவிட்டாள். அழவில்லை. "அந்தக் கெழவிதான் ஒப்பாரி வச்சிகினு இருக்கும், இவன் செத்துட்டான்னு" என்று மட்டும் சொன்னாள்.

அவள் நல்ல வேலைக்காரியா என்று கேட்டால் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கைக்குப் பலம் இருந்தது. மண்டபத்துக் கூடத்தை ஒரே மூச்சில் பெருக்கி முடித்தாள். ஆனால் பினாயில் வாசனை ஆகவில்லை, தும்மிக்கொண்டே வெளியே ஓடினாள். குழாயைத் திறந்தால் மூட மனசே வராது. தரையில் தண்ணீர் ஓடுவதை நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். சமையல்காரர் வந்து அண்டாவை நிரப்பக் கேட்டபோது தொட்டி காலியாக இருந்தது, கரண்டும் இல்லை.

"இவ்ளோ தண்ணி எதுக்கு வுட்ட?" என்று சத்தம் போட்டேன்.

"நீதான கழுவச் சொன்ன?"

மலைக்காரர்கள் யாரையும் நீங்க வாங்க என்று பேசமாட்டார்கள். அவளுக்கு நானும் நீதான், சமையல்காரரும் நீதான். பெண்ணின் அப்பாவையும் "நீ போய் ஒக்காரு, நான் பாத்துக்கறேன்" என்றாள். எனக்கு முதலில் முகம் சுருங்கியது. அன்று சாயங்காலத்துக்குள் பழகிவிட்டது, நானும் அவளை அப்படியே பேசினேன். அண்டாவுக்குத் தண்ணீர் தெருமுனைக் கைப்பம்பிலிருந்து வந்தது. அவளும் நானும் கல்யாண வீட்டுப் பெண்கள் சிலரும் வரிசையாக நின்று குடம் மாற்றினோம். மேனேஜர் குடம் தூக்கிய செய்தி ஜவுளிக்கடை வரை போய்ச் சிரிப்பாகிவிட்டது.

மறுநாள் காலை முகூர்த்தம். பந்தல் தயார், பெண் தயார், சமையல் இறக்கியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் மட்டும் வரவில்லை. சின்னசேலத்துக்கு அப்பாலிருந்து அவர்கள் வேனில் கிளம்பிவிட்டார்களா, கிளம்பவே இல்லையா, வழியில் எங்காவது மாட்டிக்கொண்டார்களா என்று ஒன்றும் தெரியவில்லை. பெண்ணின் அப்பா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். முகூர்த்த நேரம் போனது. நாதஸ்வரக்காரர்கள் வாத்தியத்தைத் துணியில் சுற்றிக் கீழே வைத்துவிட்டார்கள். பெண் மணையில் உட்காராமல் அறைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள்.

சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்தபோது பெண்ணின் அப்பா என் மேசைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"யம்மா, நாளைக்கு மண்டபத்த வேற யாருக்காவது குடுத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"மத்தியானத்தோட காலி பண்ணணும்னு போர்டுல எழுதி இருக்குதே."

"இருக்குதுங்க."

"எங்கள வெளிய போவச் சொல்லிடாதீங்க. கல்யாணம் ஆவாம பொண்ண வூட்டுக்கு இட்டுகினு போனா நாலு பேரு நாலு வெதமா பேசுவான்."

உரிமையாளரைக் கேட்க வழியில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் நாளைக்கும் சேர்த்து வாடகை வாங்கு என்றிருப்பார். "இருங்க, மாப்பிள்ள வர்ற வரைக்கும் இருங்க" என்றேன். அதுவரைக்கும் அந்தக் கட்டடத்தில் நானாக முடிவெடுத்தது என்று எதுவும் இல்லை.

அந்தப் பந்தியில் ஒன்று நடந்தது. பெண்ணின் அத்தை ஒருவர் மலைக்காரியைக் கூப்பிட்டு, "நீ இன்னா ஆளுங்க?" என்று கேட்டார். "மலை" என்றாள். அத்தை இன்னொரு பெண்ணோடு ஏதோ குசுகுசுத்துவிட்டு, "சரி, வந்து இலைக்குத் தண்ணி வை" என்றார். கடைசிப் பந்தியில் அவளையும் இலை போட்டு உட்கார வைத்தார்கள். மண்டபத்தம்மா அத்தனை வருடத்தில் அந்தக் கூடத்தில் இலை முன்னால் உட்கார்ந்ததில்லை. பந்தி நடக்கும்போது அவர் பின்கட்டில் நிற்பார், எல்லாம் முடிந்ததும் தூக்கில் வாங்கிக்கொண்டு போவார். மலைக்காரிக்கு இது ஒன்றும் தெரியாது. நன்றாகச் சாப்பிட்டாள். பிறகு புருஷனுக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள்.

திரும்பி வந்தவள்தான் வாசலில் இருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, இங்க வா. தலைல டிரங்குப் பொட்டி வச்சிகினு ஒருத்தன் வர்றான். பின்னாடி கூட்டமா வர்றாங்க. அதுதான் மாப்ளையா பாரு."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சேலம் ரோடு பக்கமிருந்து கொஞ்சம் பேர் நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவர் பட்டாளத்துப் பெட்டியைத் தலையில் வைத்திருந்தார். செருப்பு கையில் இருந்தது. பின்னால் ஒரு சைக்கிளின் கேரியரில் வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்திருக்க, இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வேனைச் சின்னசேலத்திலேயே விட்டுவிட்டு, விழுந்த மரங்களைத் தாண்டியும் வயல் வரப்பில் இறங்கியும் வந்திருக்கிறார்கள். வழிமறித்தவர்களிடம் கல்யாணம் என்று சொன்னதும், அவர்களே சைக்கிள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்களாம்.

பெண்ணின் அப்பா வெறுங்காலோடு ரோட்டில் ஓடிப்போய் மாப்பிள்ளையின் தலையிலிருந்து பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். அவர் அழுததை ரோடே பார்த்தது. அறைக்கதவைத் திறந்துகொண்டு பெண்ணும் வெளியே வந்து, தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மலைக்காரி அண்டாவில் வெந்நீர் வைத்தாள். வந்தவர்கள் எல்லோரும் பின்கட்டில் வரிசையாக உட்கார்ந்து கால்களை வாளியில் விட்டுக்கொண்டார்கள். அடுத்த நாள் ஒரு நல்ல நேரம் பார்த்துத் தாலி கட்டினார்கள். இருந்த கூட்டம் கொஞ்சம்தான். ஊர் திரும்ப முடியாமல் பஸ் ஸ்டாண்டில் கிடந்தவர்களைப் பெண்ணின் அப்பாவே போய் அழைத்து வந்து பந்தியில் உட்கார வைத்தார்.

ரோடு திறந்ததும் முதல் வேலையாக உரிமையாளர் காரில் வந்து இறங்கினார். மலைக்காரி வாசற்படியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "ஓரமா நில்லு, வழுக்கும்" என்றாள் நிமிராமல். அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு சிரித்தார். கூடம், சமையல்கட்டு, மாடி எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். மண்டபத்தை இரண்டாம் நாளும் விட்டது அதற்குள் ஜவுளிக்கடைக்காரர் வழியாக அவர் காதுக்குப் போயிருந்தது. அதைப்பற்றி ஒரு வார்த்தை கடிந்துகொண்டார், அதோடு விட்டார். மாப்பிள்ளை நடந்து வந்த கதை கடைத்தெரு முழுக்கப் பரவி, மண்டபத்துக்கு நல்ல பெயர் கிடைத்திருந்தது.

"இந்தப் பொண்ணு யாரு?"

சொன்னேன்.

"இவளையே வச்சிக்க. பழைய ஆளு வந்தா வேணாம்னு சொல்லி அனுப்பிடு."

"அவங்க ரொம்ப நாளா இருக்காங்களேங்க. இது டெம்பரவரிதான்."

"டெம்பரவரின்னா இன்னா? நீயுந்தான் டெம்பரவரி. வேலை நடக்கலியா? பழைய ஆளுன்னா தீபாவளிக்குக் கேக்கும், பொங்கலுக்குக் கேக்கும், லீவு கேக்கும். இவ எதுவும் கேக்க மாட்டா."

அவர் போய்விட்டார்.

அடுத்த சில நாட்களில் மண்டபத்தம்மா வந்தார். கூட அவருடைய மகளும் வந்தாள். தலையில் ஒரு மூட்டை. மண்டபத்தம்மாவின் வாயில் வெற்றிலை இல்லை. குரல் கம்மிப்போயிருந்தது.

"கூரை போச்சு பாப்பா. எங்க தெருவுல பாதி போச்சு. ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆவல."

அந்த வாரத்தில் பல ஊர்களில் கூரைகள் எரிந்தன. யார் வைத்தது என்பதற்கு ஊருக்கு ஊர் ஒரு கதை இருந்தது. அவர் எந்தக் கதையும் சொல்லவில்லை. நேராகப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறைக்குப் போனார், துடைப்பமும் வாளியும் வைக்கிற இடம். அறை காலியாக இருந்தது. கூடத்தில் மலைக்காரி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், யாருடி நீ? அது என் தொடப்பம்."

மலைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். துடைப்பத்தைத் தூணில் சாத்திவிட்டு, "உன்துதானா? எடுத்துக்க" என்றாள்.

"எடுத்துக்கவா? நீ சொல்லி நான் எடுத்துக்கணுமா? எவளோ வந்து எம்பொழப்புல நிக்கறா, எடுத்துக்கன்னு சொல்றா!"

"இந்தப் பாப்பாதான் கூப்ட்டுது. நீ வர்ற வரைக்கும்னுதான் சொல்லிச்சு. எங்காளு ஆஸ்பத்திரில கெடக்கறான். கரடி கடிச்சிட்டுது. கட்டு அவுத்ததும் நான் போய்டுவேன். உன் வேல எனக்கு எதுக்கு?"

மண்டபத்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். உரிமையாளர் சொன்னது யார் மூலமோ அவருக்கு எட்டியிருக்க வேண்டும். ஜவுளிக்கடையில் எதுவும் தங்காது. "என்னை நிறுத்தச் சொல்லிட்டாராமே?" என்றார். அவர் அப்படியே கூடத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் மூட்டையை இறக்காமல் நின்றாள். மலைக்காரிதான் போய் அந்த மூட்டையைப் பிடித்துக் கீழே இறக்கி வைத்தாள்.

எனக்கு அப்போது ஒன்று புரிந்தது. நிறுத்து என்று சொன்னவர் சேலத்தில் இருக்கிறார். சொல்ல வேண்டிய வாய் என்னுடையது. நான் சொல்லாவிட்டால் அது நடக்காது, கொஞ்ச நாளைக்காவது.

பின்வரிசையில் ஒரு போர்ஷன் காலியாக இருந்தது. குடியிருந்தவர்கள் மறியலுக்கு முன்பே காலி செய்து போயிருந்தார்கள். சுவரெல்லாம் கரி. "மண்டபத்தம்மா, நீங்க பழையபடி மண்டபத்த பாருங்க. இவ போர்ஷனுக்கு வெள்ளையடிக்கட்டும். நீங்களும் பொண்ணும் கூரை போடற வரைக்கும் அங்கியே தங்கிக்குங்க" என்றேன்.

"அவருக்குத் தெரிஞ்சா?"

"நான் பேசிக்கறேன்."

போன் வேலை செய்ய ஆரம்பித்ததும் உரிமையாளரிடம் பேசினேன். ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு ஆள் என்று கேட்டார். போர்ஷனுக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் வாடகைக்கு யாரும் வரமாட்டார்கள், வெளியாளை விட்டால் அதிகம் கேட்பான், இந்தப் பெண்ணே அடித்துவிடுவாள், பழைய ஆளை அதுவரைக்கும் மண்டபத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் உம் கொட்டினார். போர்ஷனில் ஆள் தங்கியிருப்பதை நான் சொல்லவில்லை.

அந்த நாட்கள் எப்படியோ போயின. மலைக்காரி சுண்ணாம்பைக் கலக்கி மட்டைத் தூரிகையால் சுவரில் அடிப்பதைவிடத் தன்மேல்தான் அதிகம் அடித்துக்கொண்டாள். மண்டபத்தம்மா வாசலில் நின்று திட்டுவார். "இதென்னாடி, மாடு நக்கின மாதிரி கோடு கோடா? மட்டைய ஈரம் பண்ணிகினு அடி." இவளும் விடமாட்டாள். "நீயே வந்து அடியேன். வாயில மட்டும் நல்லா அடிக்கற." ஒருவருக்கு ஒருவரைப் பிடித்துப்போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மத்தியானச் சோறு ஒரே அடுப்பில் வெந்தது. மகள் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த மனிதன் கன்னத்துக் கட்டோடு பேசுவது ஒருவருக்கும் புரியாது, அவளுக்கு மட்டும் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் உரிமையாளர் வந்துவிட்டார். நேராகப் பின்பக்கம் போனார். போர்ஷன் வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கொடியில் துணி. உள்ளே பாய். நான் ஓடிப்போய் அவர் பின்னால் நின்றேன்.

"இன்னாம்மா இது? வெள்ளையடிக்கறாங்கன்னு சொன்ன, குடித்தனம் நடந்துகினு இருக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மண்டபத்தம்மா எழுந்து வந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அந்தப் பொண்ண கேக்காதீங்க, என்னைக் கேளுங்க. இந்தக் கட்டடத்துக்குக் கல்லு தூக்கனவ நான். எம்பொண்ணு அப்ப என் வயித்துல. என் கூரை எரிஞ்சிபோச்சு. கூரை போடற வரைக்கும் தல சாய்க்க இங்க எடம் கெடயாதா? கெடயாதுன்னு உங்க வாயால சொல்லுங்க, போய்டறேன்."

உரிமையாளர் சுவரைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். கூரை எப்போது போடுவீர்கள் என்று கேட்டார். ஓலைக்கு வழியில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதால் கிடைக்கவும் இல்லை என்றார் மண்டபத்தம்மா. பிறகு, முன்பே யோசித்து வைத்திருந்த மாதிரி, சமையல்கட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய கூரை ஷீட்டுகளைக் காட்டினார். மண்டபத்துக்குப் புது ஷீட்டு போட்டபோது இறக்கியவை. "அத குடுங்க. சும்மாதான் கெடக்குது."

உரிமையாளர் என்னைப் பார்த்தார். "அது ஒடஞ்சது இல்ல?"

"பாதி நல்லா இருக்குதுங்க" என்றேன்.

"எடுத்துகினு போவச் சொல்லு. போர்ஷன காலி பண்ணிக் குடுத்துடணும்." காரில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, "இனிமே எங்கிட்ட முழுசா சொல்லு" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. ஆனால் மலைக்காரியையே வைத்துக்கொள் என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

ஷீட்டுகள் மாட்டு வண்டியில் போயின. கூடவே மலைக்காரியும் போனாள், ஏற்றி இறக்க ஒரு கை வேண்டும் என்று. திரும்பி வந்து, "அந்தத் தெருவுல நெறய சாம்பலு" என்று மட்டும் சொன்னாள்.

அவள் புருஷனைக் கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு பக்கக் கண்ணிமை கீழே இழுத்துக்கொண்டிருந்தது. கையைத் தூக்க முடியவில்லை. மரத்தில் ஏறுகிற வேலை இனி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கச்சிராயபாளையம் பஸ் மண்டபத்து வாசலில்தான் திரும்பும். அவர்கள் அங்கேயே வந்து நின்றார்கள். கச்சிராயபாளையத்துக்கு மேல் ஜீப் கிடைத்தால் ஜீப், இல்லையென்றால் நடை. மண்டபத்தம்மா தன்னுடைய பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்து, அந்த மனிதனின் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூளி மாதிரி கட்டிவிட்டார். "குலுக்கல்ல தையல் பிரிஞ்சிடப்போவுது" என்று அதட்டினார். மலைக்காரி பஸ் ஏறும்போது என்னிடம், "வேல இருந்தா சொல்லி அனுப்பு, வர்றேன்" என்றாள். யாரிடம் சொல்லி அனுப்புவது என்று நான் கேட்கவில்லை. பஸ் நகர்ந்த பிறகுதான் தோன்றியது.

மேனேஜர் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்து, ஒருநாள் காலை வந்து நாற்காலியின் பக்கத்தில் நின்றார். நான் எழுந்து சாவிக்கொத்தைக் கொடுத்தேன். மத்தியானம் வரைக்கும் இருந்துவிட்டுப் போகச் சொன்னார், இருந்தேன். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தக் கடைக்காரர் வாடகையை இழுக்கிறார் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பழைய ஷீட்டு எங்கே என்று கேட்டார். உரிமையாளர் கொடுத்துவிட்டார் என்றேன். "அவரா?" என்று அவர் நம்ப முடியாமல் கேட்டது நினைவிருக்கிறது.

நான் அதன்பிறகு ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மண்டபத்தம்மா முடிந்த வரைக்கும் அங்கேயே வேலை செய்தார். அவர் நின்ற பிறகு அந்த இடத்துக்கு உரிமையாளர் பர்மனெண்டாக யாரையும் வைக்கவில்லை. முகூர்த்த மாதங்களில் மலையிலிருந்து பெண்கள் இறங்கி வருவார்கள், வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். ஆரம்பித்து வைத்தது நீதான் என்று மேனேஜர் ஒருமுறை கடைத்தெருவில் என்னைப் பார்த்துச் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். அந்தப் பெண்களை முதன்முதலில் அழைத்து வந்தது அந்த மலைக்காரிதானாம். புருஷனால் காட்டுக்குப் போக முடியாது என்றானதும், அடுத்த தை மாதமே, மண்டபத்தம்மா இருந்தபோதே, பெரிய பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுச் சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு, உறவுக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேரோடு மண்டபத்து வாசலில் வந்து நின்றிருக்கிறாள். "பாப்பா எங்க?" என்று கேட்டாளாம். வேறு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னதும், "சரி, நீ சொல்லு, எங்க இருந்து பெருக்கணும்?" என்று மேனேஜரைக் கேட்டிருக்கிறாள்.